புள்ளி உதிர்ந்த சுவர்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களா. இப்போது அது சின்னதொரு ஓவியக் காட்சிக்கூடம். போன ஜூன் நடுவில் இருந்து ஆறு வாரம் அங்கே தங்கி எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பதிலுக்கு நான் செய்ய வேண்டியது இரண்டு. அடுத்த கண்காட்சியில் வைக்கிற பொருட்களுக்குச் சுவரில் போடும் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை எழுதப் பழக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் என் நாவலுக்கு. நாவல் நாற்பது பக்கத்தில் போனது, நாற்பது பக்கத்தோடு திரும்பி வந்தது. அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

குறிப்புகள் மொத்தம் பதினொன்று. மூன்று நாள் வேலை என்றுதான் நினைத்தேன். கொழும்பில் பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அறுபது சொல்லில் ஒரு குறிப்பு எழுதுவதில் என்ன இருக்கிறது? ஆறு வாரமும் அதற்கே போனது. அதிலும் எழுதியது பாதி, சுவர் சுரண்டியது பாதி.

கண்காட்சியில் ஒரு பக்கம் இளம் ஓவியர்களின் படங்கள், தேயிலைச் சாயத்தில் ஊறிய தாளில் வரைந்தவை. மறுபக்கம் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்து கேட்டு வாங்கி வந்த சாமான்கள்: கொழுந்து நிறுக்கும் தராசு, கொழுந்துக் கூடை, மட்டக்கம்பு, கவ்வாத்துக் கத்தி, ஒரு தப்புப் பறை, ஒரு தகரப்பெட்டி, இப்படி. படத்துக்குக் குறிப்பை ஓவியரே எழுதிவிட்டார். சாமானுக்கு யார் எழுதுவது? அதற்குத்தான் நான்.

முதலில் ஸ்டிக்கர்தான் திட்டம். இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான், எழுத்தை வினைலில் வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பதினொரு குறிப்பையும் தட்டச்சு செய்து டவுனில் ஒரு ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பினேன். அவர்களுடைய மென்பொருள் பழசு, யூனிக்கோடு தமிழ் தெரியாது. ‘கொழுந்து’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ககரம் அநாதையாக வந்து நின்றது. சரி என்று எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி, மாறும்போது கெட்ட இடங்களைக் கையால் திருத்தி, எழுத்தை உருவமாக்கி மறுபடி அனுப்பினேன். இது இலங்கையில் தமிழ் அச்சு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி, விட்டுவிடலாம்.

தெரியாத தலைவலி புள்ளி. எழுத்தின் உயரம் 14 மில்லிமீற்றர். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. ஸ்டிக்கரை வெட்டிய பிறகு வேண்டாத இடத்தை உரித்தெடுப்பார்கள். உரிக்கும்போது புள்ளியும் கூடவே கிளம்பிவிடும். ஆங்கிலத்தில் சின்ன ஐயுக்கும் சின்ன ஜேக்கும்தான் தலையில் புள்ளி. நமக்கு ஒரு வரியில் ஏழெட்டு. கடைப் பையன் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தியிருந்தான், பாவம். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

வாசலுக்கு எதிர்ச் சுவரில் தகரப்பெட்டியின் குறிப்பை ஒட்டினோம். சாயந்தரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரவு மழை. காலையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. போய்ப் பார்த்தால் தரையில் கடுகு கொட்டின மாதிரி கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ கிடக்கிறது. குனிந்து விரலில் ஒற்றி எடுத்தேன். புள்ளிகள். சுவரில் ‘பெட்டி’ என்பது ‘பெடடி’ ஆகியிருந்தது. ‘ஒப்பந்தம்’ ‘ஒபபநதம’ ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று அதை அப்படியே வாசித்துப் பார்த்தேன். பழைய ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் அதைச் சளைக்காமல் வாசித்தார்கள். நமக்கு நாக்கு சுளுக்குகிறது.

மற்ற எழுத்துகளும் ஓரம் தூக்கியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தபோது எழுத்து மட்டும் வரவில்லை, சுவரின் பெயிண்டும் தோல் மாதிரி கையோடு வந்தது. அதற்கு அடியில் வெள்ளையாக, மாவாக, பழைய சுண்ணாம்பு.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பங்களாச் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழைக்காலத்தில் வெளியே இருந்து ஈரம் குடிக்கும், வெயில் வந்தால் விடும். சுண்ணாம்பு அடித்திருந்த காலம்வரை அந்தப் போக்குவரத்துக்குத் தடை இல்லை. இடையில் யாரோ அழகுக்காக எமல்ஷன் அடித்துவிட்டார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் தங்கி, அதைச் சுவரில் இருந்து தள்ளுகிறது. அதன் மேல் எதை ஒட்டினாலும் உதிர்கிற தோலில் ஒட்டியது மாதிரிதான். காலத்தையும் சொல்ல வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு ஜூன், ஜூலைதான் தென்மேல் பருவமழை கொட்டுகிற நேரம். மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளையில், அதே நாட்களில் வெயில் காயும். கண்காட்சியை ஏன் ஜூலைக் கடைசியில் வைத்தார்கள் என்று பொறுப்பாளர் அக்காவிடம் கேட்டேன். “வெளிநாட்டுக்காரங்க வர்ற சீசன்” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

எமல்ஷனைச் சுரண்டுவது என்று முடிவானது. முழு அறையும் இல்லை, குறிப்பு வரும் பதினொரு இடத்தில் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் அகலம், முக்கால் மீற்றர் உயரம். நானும் காவல்காரத் தம்பியும் பட்டை இரும்பும் கம்பித் தூரிகையுமாக நான்கு நாள் சுரண்டினோம். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊற வைத்து, கல் பொறுக்கி, பால் பதத்துக்குக் கரைத்து அடித்தோம். இதில் நான் செய்த பிழை, முதல் இடத்தில் காய்ந்த சுவர் மேலேயே அடித்தது. காய்ந்த சுவர் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட, மறுநாள் கையில் வெள்ளை மா ஒட்டியது. சுவரை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துத் திரும்பக் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் நேரமும் தேவை. மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் இடைவெளி, மறுபடி ஒன்று, இப்படி நான்கு. தடிப்பாக ஒரே தரம் அடித்தால் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். ஒரு சொட்டு என் கண்ணோரம் பட்டு அரை மணி நேரம் பீலித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

சுவர் தயார். ஆனால் சுண்ணாம்பு மேல் ஸ்டிக்கர் நிற்காது. அப்படியென்றால் எழுத்தைக் கையால்தான் எழுத வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் டவுன் கடைப் பலகை பாதி அவர் கைதான், கோயில் உபயப் பலகையும் எழுதுவார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை எடுத்து வைத்துவிட்டார். எல்லோரும் பெயிண்டர் மாமா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மாமா வந்தார். நான் நீட்டிய தாளைப் பார்த்தார். அறுபத்திரண்டு சொல் குறிப்பு. பார்த்துவிட்டுச் சுவரை அளந்தார்.

“மகள், இத எழுதினா எழுத்து எறும்பு அளவுக்கு வரும். தூரிகையில நான் ஒரு அங்குலத்துக்குக் கீழ எழுத மாட்டேன். கண்ணும் இல்ல.”

ஒரு அங்குலம் என்றால் 25 மில்லிமீற்றர். கூட்டிக் கழித்துப் பார்த்தோம். அந்த உயரத்தில் ஓர் எழுத்து சராசரி 28 மில்லிமீற்றர் அகலம் பிடிக்கும், இடைவெளியோடு. தொண்ணூறு சென்ரிமீற்றர் வரியில் முப்பத்திரண்டு எழுத்து, அதாவது நாலைந்து சொல். மேலே விசிறி, கீழே சுழி என்று தமிழ் இரண்டு பக்கமும் கை நீட்டுகிற எழுத்து, அதனால் வரிக்கு வரி 55 மில்லிமீற்றராவது வேண்டும். கீழே சிங்களமும் ஆங்கிலமும் வர வேண்டும். தமிழுக்குக் கிடைத்தது நான்கு வரி. பதினெட்டு, மிஞ்சினால் இருபது சொல்.

அறுபத்திரண்டை இருபதாக்க வேண்டும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தராசுக் குறிப்பு முதலில் இப்படி இருந்தது: “பெருந்தோட்டத் தொழிலாளர்களின் நாளாந்த வேதனமானது அவர்களால் பறித்து ஒப்படைக்கப்படும் தேயிலைக் கொழுந்தின் நிறையை அடிப்படையாகக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. நிர்ணயிக்கப்பட்ட நிறையை எட்டத் தவறியவர்களுக்கு அரைநாள் வேதனமே வழங்கப்பட்டது.” இன்னும் போகிறது. இதில் பிழை ஒன்றும் இல்லை. கொழும்பில் இப்படி எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

பங்களாவில் தேத்தண்ணி போட, கூட்டிப் பெருக்க, பக்கத்து லயத்தில் இருந்து ஒரு பெரியம்மா வருவார். முப்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர், இப்போது ஓய்வு. நான் சத்தமாக வாசித்து வெட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே தூசு தட்டினார்.

“வேதனம்னா என்னா புள்ள?”

“சம்பளம், பெரியம்மா. ஒரு நாள் சம்பளம்.”

“அப்ப பேருன்னு எழுத வேண்டியதுதானே. நெறை வந்தா பேரு. வராட்டி அரைப்பேரு. இதுக்கு ஏன் இம்புட்டு?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். பத்து வயதுவரை அம்மா வேலையால் வந்ததும் ஆச்சி கேட்கிற முதல் கேள்வி “இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?” என்பதுதான். ஒருநாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று சொல்கிற ஊரில் பிறந்துவிட்டு, ‘நாளாந்த வேதனமானது’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா இன்னொன்றும் சொன்னார். காலையில் மழை என்றால் கொழுந்து ஈரம், தண்ணீருக்கு என்று இத்தனை, சாக்குக்கு என்று இத்தனை கழிப்பார்கள், கழித்துவிட்டுத்தான் துண்டில் எழுதுவார்கள் என்று. அதைச் சொல்லும்போது தராசின் கொக்கியைத் துணியால் அழுத்தித் துடைத்தார், துருப்பிடித்த அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம்.

சுவரில் போனது இது:

“தண்ணிக்கும் சாக்குக்கும் கழித்த பிறகு இந்தத் தராசில் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். மழையில் முழு நாள் நின்றாலும் அரைப்பேர்தான்.”

பதினைந்து சொல். ‘அரைப்பேர்’ என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர் கேட்பார், விளக்கம் போட வேண்டாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்கட்டும். பக்கத்திலேயே பெரியம்மா இருப்பார்.

இப்படி மற்றதும் விழுந்தது. ‘தேயிலை பறிக்கும் கூடை’ என்பது கொழுந்துக் கூடை ஆனது. ‘இடுப்பில் அணியும் பாதுகாப்புத் துணி’ என்று நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். படங்கு. நான்கே எழுத்து, அதில் ஒரு புள்ளி.

பெட்டிதான் கடினம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போனவர்களில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரின் கதை 1974வரை தள்ளிப்போனது, இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிய தலைமன்னார்க் கப்பல். இதில் எதை விடுவது? ஒன்றை விட்டால் வரலாறு தெரிந்தவர் கேட்பார் என்ற பயம். எட்டுத் தரம் எழுதினேன். கடைசியில் பெட்டியைக் கொடுத்த வீட்டுக்கே போய்க் கேட்டேன். கதை சின்னது. இந்தியாவுக்குப் போகப் பதிந்தார்கள், பெட்டி வாங்கினார்கள், தாத்தா இறந்தார், போகவில்லை. பெட்டியில் அரிசி போட்டு வைத்தார்கள். சுவரில் இப்படிப் போனது:

“இரண்டு அரசுகள் 1964இல் ஆட்களை எண்ணிப் பிரித்தன: 525,000 அங்கே, 300,000 இங்கே. அங்கே போக வாங்கிய பெட்டி இது. போகவில்லை. அரிசி போட்டார்கள்.”

150,000ஐ விட்டது இன்னும் உறுத்துகிறது. ஐந்தாவது வரிக்கு இடம் இருந்தால் போட்டிருப்பேன்.

இனி எழுத்தைச் சுவருக்குக் கொண்டுபோன விதம். மாமா நேராகச் சுவரில் எழுத ஒத்துக்கொள்ளவில்லை, “பலகைன்னா அழிச்சு எழுதலாம், சுண்ணாம்புல அழிச்சா தழும்பு” என்றார். முதலில் அளவான மெல்லிய தாளில் பென்சிலால் எழுத்துகளை வரைந்தார். பிறகு தாளைப் போர்வை மேல் விரித்து, கோட்டின் மேலேயே ஊசியால் இரண்டு மில்லிமீற்றருக்கு ஒரு துளை குத்த வேண்டும். இது என் வேலை. பதினொரு தாள், எத்தனை ஆயிரம் துளை என்று எண்ணவில்லை, சனிக்கிழமைப் பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைத்தேன். கதை எழுத வந்ததுகள் ஊசி குத்தின. குத்தி முடிந்ததும் தாளின் பின்புறத்தை மெல்லிய மண்காகிதத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் துளையின் பிசிறு கரியை விடாது. அடுப்புக்கரியை அரைத்து, சலித்து, பழைய வேட்டித் துணியில் முடிச்சுக் கட்டி, சுவரில் பிடித்த தாளின் மேல் தட்டிக்கொண்டே போனால், தாளை எடுத்ததும் சுவரில் கோலப்புள்ளி போட்ட மாதிரி எழுத்து நிற்கும். அதைப் பார்த்துத் தூரிகை ஓடும்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று. கூடத்தில் படம், குறிப்பு எல்லாவற்றையும் நடுப்புள்ளி தரையில் இருந்து 145 சென்ரிமீற்றரில் வரும்படி மாட்டுவது வழக்கம். பெரியம்மாவை நிறுத்திப் பார்த்தோம், கழுத்தை அண்ணாந்தார். 130க்கு இறக்கினோம். கொழும்பில் இருந்து வரும் உயரமானவர்கள் குனியட்டும்.

முதல் குறிப்பை மாமா தன் பழைய வழக்கப்படி எனாமலில் எழுதினார். மூன்றாம் நாள் தொட்டால் பிசுபிசு. ஒரு வாரத்தில் எழுத்தைச் சுற்றி மஞ்சளாக எண்ணெய்க் கறை. புதுச் சுண்ணாம்பின் காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சவர்க்காரம் மாதிரி ஆக்கிவிடும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாமாவின் பழைய சுவர்களெல்லாம் வருடக்கணக்கில் ஆறின சுவர்கள், அதனால் அவருக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி நான்கு பூச்சு. அந்த ஒரு வாரம் போனது போனதுதான்.

வழி காட்டியது இஸ்தோப்பின், அதாவது முன் விறாந்தையின், தரை. சீமெந்தில் கலக்குகிற ஒக்சைட் தூள் இருக்கிறதே, சிவப்பு, கறுப்பு, சீமெந்தின் காரத்திலேயே வருடக்கணக்கில் நிறம் மாறாமல் கிடப்பது, அது சுண்ணாம்பிலும் கிடக்கும்தானே? ஹாட்வெயார் கடையில் கறுப்பு ஒக்சைட் கால் கிலோ வாங்கினோம். ஓவியர் ஒருவர் விட்டுப்போன அக்ரிலிக் மீடியத்தில் குழைத்து எழுதிப் பார்த்தோம். பிடித்துக்கொண்டது. கையால் தேய்த்தாலும் வரவில்லை, மூடுபனியிலும் கரையவில்லை.

மாமா எழுதுவதைப் பார்க்க வேண்டும். எல்லா எழுத்துக்கும் முதலில் உடம்பு, வரி முழுக்க. பிறகு கொம்பும் காலும். புள்ளி எல்லாம் கடைசியில், ஒரே நடையில், சின்னத் தூரிகையை நிறுத்தி அரைச் சுற்று.

“ஏன் மாமா புள்ளியக் கடைசியில?”

“குளிச்சு உடுத்தி முடிஞ்சுதான பொட்டு வைப்போம்.”

இன்னொரு விஷயத்தில் பெரிய வாக்குவாதம். மாமா ‘மலை’ என்று எழுதும்போது லகரத்துக்கு முன்னால் இணைக்கொம்பு போடவில்லை. லகரத்தின் முன் தலையிலேயே துதிக்கை மாதிரி வளைத்து விட்டார். பழைய லை. தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து இந்தத் துதிக்கையை எடுத்துவிட்டது, பாடப்புத்தகத்திலும் இப்போது இல்லை. பிள்ளைகளுக்குப் புரியாது என்று அக்கா சொன்னார். மாமா கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் நாடாவை எடுத்து அளந்தேன். புது லை 41 மில்லிமீற்றர், பழைய லை 30. ஒரு எழுத்துக்கு 11 மில்லிமீற்றர் மிச்சம். நம் குறிப்புகளிலோ திரும்பின பக்கமெல்லாம் மலை, தேயிலை, தலை, விலை. ஒரு வரிக்கு இரண்டு லை வந்தால் ஒடுக்கமான ஒரு எழுத்து அதிகமாகப் போடலாம்! இடத்தைக் காட்டித்தான் அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது. பிள்ளைகளுக்குப் பழைய லை புரிந்தது. ஊசி குத்தினதே அவர்கள்தானே. ஒரு பையன் தன் கொப்பியில் ‘தலவாக்கலை’யைத் துதிக்கையோடு எழுதி ஆசிரியையிடம் பிழை வாங்கினான் என்று கேள்வி.

சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒரு தம்பி அதே முறையில் எழுதினான், வேகமாக முடித்துவிட்டான். கண்காட்சி ஒரு கிழமை பிந்தித் திறந்தது.

நான் கிளம்பிய அன்று கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்தேன். கணப்புப் பக்கத்துச் சுவரில் இருந்த மூன்று குறிப்பும் கல்லில் வெட்டின மாதிரி. மழை அடிக்கும் மேற்குச் சுவரில், தப்பின் குறிப்புக்குக் கீழ் மூலையில், உள்ளங்கை அளவு ஈரம் ஊறத் தொடங்கியிருந்தது. அங்கே கூரைத் தகரத்தில் எங்கோ ஒழுக்கு இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் சுவரை மட்டும் திருத்திப் பயனில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். துளைத்தாள் பதினொன்றையும் சுருட்டி ஒரு பிவிசி குழாயில் போட்டுக் களஞ்சிய அறையில் வைத்திருக்கிறது. எழுத்து அழிந்தால் யாரும் கரி தட்டி மறுபடி எழுதலாம். குழாயின் மேல் மாமாவின் கையால் கலவை எழுதியிருக்கிறது: கறுப்புத் தூள் இரண்டு கரண்டி, மீடியம் மூன்று, தண்ணீர் பார்த்து.